சொத்துப் பட்டியலில் ஒரு பாதசாரி

சிக்னலில் சிவப்பு விழுந்தால் மொகாடிக்கு ஐம்பத்தெட்டு நொடி கிடைக்கும். கார்களுக்கு முன்னால் ஓடிப்போய் நிற்பதில் கொஞ்சம் போகும். தொப்பியை நீட்டிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போவதில் கொஞ்சம் போகும். நடுவில் மிஞ்சுகிற நேரத்தில்தான் அவளும் அவள் கூட்டாளி ஸ்கும்புஸோவும் பன்ட்ஸுலா என்கிற தெரு நடனத்தை ஆடி முடிக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட காக்கிக் கால்சட்டை, கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். விசிலை ஒரு தடவை ஊதினால் நான்கு கால்களும் தார்ச்சாலையைத் தட்டச்சு மெஷின் மாதிரி தட்ட ஆரம்பிக்கும். பணக்காரப் பகுதியான சான்ட்டனின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போகிற கார்க்காரர்களில் பாதிப் பேர் போனைப் பார்ப்பார்கள். மீதிப் பேர் அந்தப் போனிலேயே இவர்களைப் படம் பிடிப்பார்கள்.

மொகாடிக்கு வயது பத்தொன்பது. இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேச வராது. பள்ளியில் ‘என் லட்சியம்’ என்ற தலைப்பில் மூன்று நிமிடம் பேசச் சொன்னபோது, மூன்று நிமிடமும் சும்மா நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தவள். அவள் குடியிருக்கிற அலெக்ஸாண்ட்ராவின் பதினான்காம் அவென்யூ முனையில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் வரிசையில் ஒருநாள் போய் நின்றபோதுதான், வாயில் சிக்கிக்கொண்டதெல்லாம் காலில் வழுக்கிக்கொண்டு வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கோபம் வந்தால் குதிகால். சந்தோஷம் வந்தால் முன்பாதம். யாரையாவது கிண்டல் செய்ய வேண்டுமென்றால் இரண்டும்.

அவள் அம்மா டாக்ஸி நிலையத்தில் மக்வின்யா சுட்டு விற்கிறவள். மாவு உருண்டைகள் எண்ணெயில் உப்பி வருவதற்குள் நாலு பேருடைய குடும்பக் கதையைக் கேட்டு முடித்திருப்பாள். மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து மா-மொகாடி என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து உண்டு.

“ஆடு, வேணாங்கல. பல்லு வெளக்குறோம், தலை சீவுறோம், அந்த மாதிரி ஆடிட்டு வா. அதுக்கப்புறம் சூப்பர் மார்க்கெட்ல ஆள் எடுக்கிறாங்களான்னு போய்ப் பாரு.”

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பச்சை விழுந்த பிறகும் ஒரு நீலக் கார் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள், திட்டினார்கள். அடுத்த பச்சைக்கும் அது நகரவில்லை. உள்ளேயிருந்த வெள்ளைக்காரப் பெண் காரை நடைபாதையில் ஏற்றிவிட்டு இறங்கி வந்தாள். பெயர் அனெகா. பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தில் நடனக் குழு நடத்துகிறவள். குழுவில் பதினோரு பேர், பன்னிரண்டாவது ஆள் தேடிக்கொண்டிருந்தாள். ஆறு மாத ஒப்பந்தம், சம்பளம், தங்க அறை. ஆகஸ்ட் முதல் தேதி வந்து சேர வேண்டும்.

ஒப்பந்தக் காகிதத்தை மா-மொகாடி டாக்ஸி வரிசையை ஒழுங்குபடுத்துகிறவரிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அவர் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து இருப்பதைக் காட்டி, “நெசக் காகிதந்தான் தாயி. ஏமாத்துறவன் இவ்வளவு பொடிசா அடிக்க மாட்டான்,” என்று தீர்ப்பு சொன்னார்.

விசாவுக்குக் கேட்ட காகிதங்களின் பட்டியலில் எட்டாவது வரி இப்படி இருந்தது: விண்ணப்பதாரரின் கலைக்கு அவருடைய நாட்டில் தேசிய அமைப்பு ஏதும் இருந்தால், அதன் கடிதம். அமைப்பு இல்லாத நாட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. இவர்கள் நாட்டில் இருந்தது. பிறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

தேசியத் தெரு நடன ஒழுங்கமைப்பு மன்றம் நகரத்தின் நடுவே ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தது. லிப்டுக்குள் ‘ஆடாமல் நிற்கவும்’ என்று எழுதியிருந்தது. உள்ளே கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிற கம்பளம். வரவேற்பு மேசையில் பூயிஸ்வா என்ற பெண்மணி மஞ்சள் நூலில் குழந்தைத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“ஆடுறேன்க்கா. லெட்டர் வேணும்.”

“ஆடுறியா? சான்றிதழ் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப நீ ஆடல. ஆடுறதா நெனச்சுக்கிட்டு இருக்க. உக்காரு, பாரம் தர்றேன்.”

பாரம் இருபத்து மூன்று பக்கம். ஆடும் தெருவின் பெயர், அகலம், சரிவு. தெருவின் உரிமையாளர் கையெழுத்து. ஆட்டத்தை மேற்பார்வையிடும் அதிகாரியின் பதவி. ஒன்பதாவது கேள்வியில் மொகாடியின் பேனா நின்றுவிட்டது. ‘நின்று ஆடுபவரா, நகர்ந்து ஆடுபவரா? ஒன்றை மட்டும் குறிக்கவும்.’

“அக்கா, இது ரெண்டும்.”

“ரெண்டுக்கும் கட்டம் இல்ல.”

“நின்னுக்கிட்டே நகரணும். அதான் பன்ட்ஸுலா.”

பூயிஸ்வா பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள். “போன வாரம் ஒரு பையன் வந்தான். தலையில சுத்துறவன். அவனுக்குந்தான் கட்டம் இல்ல. உன்ன மாதிரி வாதாடினானா? ‘நின்று’ன்னு போட்டுட்டுப் போயிட்டான். எது மேல நின்னான்னு நாங்க கேக்கல. நீயும் போடு, புள்ள. நல்ல புள்ளயா இரு.”

மொகாடி ‘நின்று’ என்று போட்டாள்.

தெருவின் உரிமையாளர் கையெழுத்துக்கு மூன்று வாரம் ஓடியது. நகராட்சியில் போய்க் கேட்டால், சாலைதான் எங்களுடையது, சிக்னல் கம்பம் வேறு துறை என்றார்கள். வேறு துறையில், கம்பம் எங்களுடையது, சிவப்பு விளக்கு எரியும்போது சாலையில் நடப்பது போக்குவரத்துக் காவலில் வரும் என்றார்கள். போக்குவரத்துக் காவலில் இருந்தவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். “நீதான அந்த விசில் பொண்ணு? உன் விசிலக் கேட்டு எங்க ஆளு ரெண்டு தடவ டிராபிக்க நிறுத்திட்டான்,” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கையெழுத்து எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, மன்றமும் கேட்கவில்லை.

அடுத்த படி, ஐந்து நாள் பயிற்சி. மதியச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு ஸ்கும்புஸோவும் பெயர் கொடுத்தான்.

முதல் நாள் இயக்குநர் மாபண்ட்லா உரையாற்றினார். நன்கு தேய்த்த கோட்டு, பளபளக்கும் மண்டை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு கைதட்டலுக்கு இடம் விட்டுப் பேசுகிறவர்.

“நான் பொறுப்பேற்ற அன்று நம் தெரு நடனம் எங்கே கிடந்தது? தெருவில் கிடந்தது,” என்று அவர் நிறுத்தினார். “வெயிலில், மழையில், கேட்பாரற்று. இன்று அது ஏழாவது மாடியில் இருக்கிறது. இந்த உயரம் எளிதில் வரவில்லை. ஆடுபவர்கள் இன்று வருவார்கள், நாளை முட்டி தேய்ந்து போய்விடுவார்கள். மன்றம் நிற்கும். ஒரே ஒரு ஆட்டக்காரர்கூட இல்லாமல் ஒரு நடன மன்றம் சிறப்பாக இயங்க முடியும் என்பதை முதல் எட்டு மாதங்களில் நாங்கள் நிரூபித்திருக்கிறோம். இனி உங்களையும் சேர்த்துக்கொண்டு அதே சிறப்போடு இயங்க முடியுமா என்பதுதான் எங்கள் முன் உள்ள சவால்.”

ஸ்கும்புஸோ மொகாடியின் காதில், “நம்மள சவால்ங்கிறாருடி,” என்றான்.

ஐந்து நாளில் யாரும் ஆடவில்லை. கம்பளம் வீணாகிவிடும். மூன்றாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆட்டத்தைக் கற்பனை செய்தார்கள். கற்பனை செய்யும்போது காலை ஆட்டியதற்காக ஒருவன் வெளியே அனுப்பப்பட்டான். நான்காம் நாள் ‘தரக் கையேடு’ கொடுத்தார்கள். எழுதியவர் முனைவர் வான் டோண்டர். அதற்கு முன்பு தொழிற்சாலைகளில் கன்வேயர் பெல்ட்டுக்குத் தரம் நிர்ணயித்தவர், நாணயமான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய எஃகு அளவுகோல் வைத்திருப்பார்.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் தாண்டி மொகாடி புரட்டவில்லை. படம் பன்னிரண்டு: பன்ட்ஸுலா, சரியான பாத நிலை. படத்தில் இரண்டு கால்கள். இடது ஷூவில் கயிற்றுக்குப் பதிலாக ஒரு சார்ஜர் வயர் கட்டியிருந்தது. ஸ்கும்புஸோவின் பழைய சார்ஜர் அது.

“சார், இது என் காலு.”

வான் டோண்டர் குனிந்து பார்த்தார். “இது படம் பன்னிரண்டு.”

“என் காலு சார். யாரோ கார்லேர்ந்து எடுத்தது. வயரப் பாருங்க.”

அவர் படத்தையும் அவள் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர். “ஆமாம், அதே வயர்தான். ரொம்ப நல்லதாப் போச்சு. தேர்வு உனக்குச் சுலபமா இருக்கும்,” என்று மனதாரச் சொன்னார்.

செய்முறைத் தேர்வுக்காக மண்டபத்துக்குள் ஒரு தெருவைக் கட்டியிருந்தார்கள். அட்டையில் செய்த பெட்டிக்கடை, விளக்குக் கம்பம், இரண்டு குப்பைத் தொட்டி, பஞ்சு அடைத்த நாய் ஒன்று. குப்பை, முத்திரையிட்ட பையில் வந்திறங்கியது. ஓர் ஊழியர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சிப்ஸ் காகிதங்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்தார். ஒன்றை மொகாடி தெரியாமல் மிதித்துவிட்டாள். அவர் முகம் வாடிவிட்டது.

மொகாடி ஆடினாள். எட்டு வாரமாக அடைத்து வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அட்டைக் கடை அதிர்ந்தது. ஆடி முடித்தபோது கதவோரம் நின்ற துப்புரவுப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். அவர்கள் பெயர்கள் உடனே குறித்துக்கொள்ளப்பட்டன.

ஸ்கும்புஸோவுக்கு அன்று காலையில் டாக்ஸியிலிருந்து இறங்கும்போது கணுக்கால் சுளுக்கிவிட்டது. விசிலை ஊதிவிட்டு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு தடவை புருவத்தை உயர்த்தினான். அவ்வளவுதான்.

முடிவு சுவரில் ஒட்டப்பட்டது. ஸ்கும்புஸோ: எழுபத்தொன்று, தேர்ச்சி. அசைவுப் பிழைகள்: இல்லை. மொகாடி: நாற்பத்தாறு. தேர்ச்சி இல்லை.

அவள் வான் டோண்டரைத் தேடிப் போனாள். அவர் எஃகு அளவுகோலை எடுத்து, அவளுக்குப் புரிய வேண்டுமே என்ற அக்கறையோடு விளக்கினார். “படம் பன்னிரண்டுல இடது பாதம் தரையிலேர்ந்து பதினோரு சென்டிமீட்டர் மேல இருக்கு. பாத்தியா? நீ கீழ வச்சுட்ட.”

“கீழ வைக்காம எப்படி சார் அடுத்த ஸ்டெப்பு?”

“படத்துல வைக்கலியே.”

“படத்துல இருக்கிறது நான்தான் சார். நான் அதுக்கப்புறம் வச்சேன்.”

“அது படத்துக்கு அப்புறம் நடந்தது,” என்றார் வான் டோண்டர் வருத்தத்துடன். “அதப் பத்தி எங்ககிட்ட ஆதாரம் எதுவும் இல்ல.”

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் டாக்ஸியில் அவள் அழுதாள். பக்கத்தில் இருந்தவர் மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேல்முறையீடு செய்யலாம் என்று பூயிஸ்வா சொன்னாள். மேல்முறையீட்டுக் குழுவில் ‘ஆடும் சமூகத்தின் பிரதிநிதி’ ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும். நாட்டிலேயே சான்றிதழ் பெற்றவன் ஒருவன்தான். ஸ்கும்புஸோவுக்குக் கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை கொடுத்தார்கள். கூட்டம் நடக்கும் நாளெல்லாம் சாண்ட்விச் கொடுத்தார்கள். பத்தே நாளில் அவன் நடை மாறிவிட்டது. முன்பு பூனை மாதிரி நடப்பான். இப்போது கோப்பு சுமக்கிறவன் மாதிரி நடந்தான், கையில் கோப்பு இல்லாதபோதுகூட.

பதினான்காம் அவென்யூவில் கொட்டா விற்கிற கடை வாசலில், கடைக்காரர் ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வறுவலை அடைத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். “எப்படா வருது என் மேட்டரு?”

“வரும். நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல, மொகாடி.”

“என்னது?”

“நடைமுறை. எல்லாரையும் உடனே உடனே பாத்தா, அப்புறம் மன்றத்துக்கு என்ன மதிப்பு? உன் கேஸ்ல தரவு போதாதுன்னு ஒரு கருத்து வந்திருக்கு.”

“யாரு கருத்து?”

ஸ்கும்புஸோ ரொட்டியைக் கடித்தான். பதில் சொல்ல வாய் காலியில்லாதபடி நிதானமாக மென்றான். மொகாடி தன் விசிலை எடுத்து அவன் காதுக்குப் பக்கத்தில் வைத்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினாள். பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவிடம், சூப்பர் மார்க்கெட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று கேட்டாள். மா-மொகாடி எதிர்பார்த்திருந்த கேள்விதான். ஆனால் கேட்டபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டாள்.

ஜூலை பத்தாம் தேதி தேசியத் தெரு நடன நாள் என்று மன்றம் அறிவித்திருந்தது. அமைச்சர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். முப்பது பேர் கொண்ட ஏற்பாட்டுக் குழு, மலர் வளையம், குத்துவிளக்கு உயரத்துக்கு ஒரு கேக். ஆறு உரைகள். எல்லாம் தயாரான பிறகு, இரண்டு நாள் முன்னால், அமைச்சரின் அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. நடனம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு மன்றம் தயாராக இல்லை.

மறுநாள் காலையில் ஸ்கும்புஸோ மொகாடியின் வீட்டு வாசலில் நின்றான். கழுத்தில் அட்டை இல்லை. சட்டைப் பையில் சொருகி வைத்திருந்தான்.

“சான்றிதழ் வச்சிருக்கிறவங்கதான் மேடை ஏறலாம்ங்கிறாங்க. நான் ஒருத்தன்தான் இருக்கேன். ஒத்தையா எப்படிடி ஆடுறது? நான் கேள்வி கேட்டா பதில் சொல்ல ஒரு காலு வேணாமா?”

“தரவு போதாதுன்னியே.”

“அந்தக் கருத்து என்னோடதுதான். நானேதான் சொன்னேன். எல்லாரும் ஏதாவது சொன்னாங்க, நானும் ஏதாவது சொல்லணும்ல. சாண்ட்விச் வேற சாப்புட்டிருந்தேன்.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அடி. ஆனா வா.”

அவள் அடிக்கவில்லை. வந்தாள். அவசரக் கூட்டம் கூடியது. தேர்ச்சி பெறாதவளை மேடையில் ஏற்ற விதியில் வழியே இல்லை என்று இயக்குநர் சொன்னார். விதியை மாற்றினால் விதி இருந்ததாகவே ஆகாது என்றார் வான் டோண்டர். ஒரு மணி நேரம் யோசித்தார்கள். குறிப்பெடுக்க வந்து உட்கார்ந்திருந்த பூயிஸ்வா கொட்டாவி விட்டுவிட்டு, மண்டபத்து அட்டைத் தெருவின் சொத்துப் பதிவேட்டைப் புரட்டினாள்.

“பதிமூணு வரைக்கும் வந்திருச்சு. கடை, கம்பம், தொட்டி, நாயி எல்லாம் இருக்கு. பதினாலாவது, ‘பாதசாரி, ஒன்று.’ அட்டையில செஞ்சு தர்றேன்னு சொன்ன கடைக்காரன் இன்னும் தரல. அந்த எடத்துல இவள நிக்க வச்சிட்டா என்ன?”

பிறகு எல்லார் முகத்திலும் மெல்ல வெளிச்சம் பரவியது. மேடையில் ஏறும் ஆளுக்குத்தான் சான்றிதழ் வேண்டும். பொருளுக்கு வேண்டாம். அன்று மாலைக்குள் மொகாடியின் சட்டை முதுகில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது: தே.தெ.ந.ஒ.ம. / 14. ஊழியர் பதிவேட்டில் ‘பெறப்பட்டது, நல்ல நிலை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

இயக்குநர் அவளைத் தனியே அழைத்து எச்சரித்தார். “நீ ஆடக் கூடாது. அவன் ஆடுவான். நீ பாதசாரி. பாதசாரி என்ன செய்வான்? நடப்பான். அவ்வளவுதான்.”

“எப்படி நடக்கணும் ஐயா?”

“இதுல என்னம்மா கேள்வி? சாதாரணமா நட. உங்க ஏரியாவுல எப்படி நடப்பீங்களோ அப்படி நட.”

விழா அன்று ஐந்து உரைகள் முடிந்தபோது அமைச்சரின் தலை இரண்டு தடவை மார்பில் விழுந்து எழுந்திருந்தது. ஆறாவதாக மாபண்ட்லா, “தெரு நடனத்தை ஒழுங்காக நடத்த வேண்டுமானால் முதலில் தெருவைக் கட்டுப்படுத்த வேண்டும், பிறகு நடனத்தை,” என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். திரை விலகியது. ஸ்கும்புஸோ கம்பத்தடியில் நின்று விசில் ஊதினான். தெருவின் மறுகோடியிலிருந்து பாதசாரி நடந்து வந்தாள்.

அலெக்ஸாண்ட்ராவில் யாரும் வெறுமனே நடப்பதில்லை. முதலில், கால் புதைகிற கம்பளத்தில் நடக்கிற நடை வந்தது. ஒவ்வொரு பாதத்தையும் சேற்றிலிருந்து பிடுங்குவது போல. பிறகு, பின்னல் ஊசி போல இரண்டு குதிகால்களும் ஒன்றையொன்று குத்திக் குத்தி எடுத்தன. பிறகு ஒரு கால் பதினோரு சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. மற்றக் கால் அதைச் சுற்றி வந்து அளவெடுத்தது, தலையை ஆட்டியது, வருத்தப்பட்டது. பின்வரிசையில் துப்புரவுப் பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஸ்கும்புஸோவின் கால் கேள்வி கேட்டது. அவள் கால், துறை துறையாக ஓடி, ஒவ்வொரு கதவிலும் முட்டித் திரும்பி வந்து, ‘என்னுடையதில்லை’ என்று பதில் சொன்னது. காலோடு கையும் சேர்ந்துகொண்டது: டாக்ஸியை நிறுத்தும் விரல், பாரம் நிரப்பும் விரல், சாண்ட்விச் பிடிக்கும் விரல். அந்தக் கடைசி விரலைப் பார்த்து ஸ்கும்புஸோவே ஆட்டத்தின் நடுவில் சிரித்துவிட்டான்.

முடிவில் அவள் மார்பை நிமிர்த்தி, வயிற்றை முன்னே தள்ளி, நாலு எட்டுக்கு ஒரு தடவை கைதட்டலுக்கு இடம் விட்டு நிற்கிற ஒரு நடை நடந்தாள். மண்டபம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. யாரைச் சொல்கிறாள் என்று முன்வரிசையில் ஒருவருக்கு மட்டும்தான் புரியவில்லை. அவர்தான் எல்லாரையும் விட அதிக நேரம் கைதட்டினார்.

அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாபண்ட்லாவிடம் குனிந்தார். “அந்தப் பொண்ணு யாரு?”

“மன்றத்தோட சொத்துங்க,” என்றார் மாபண்ட்லா. அதிகாரபூர்வமாக அது உண்மை.

“அப்படித்தான் சொல்லணும். இந்த மாதிரிப் புள்ளைங்கள வெளிநாடு அனுப்புங்க. என்ன யோசிக்கிறீங்க?”

“எல்லாம் நடவடிக்கையில இருக்குங்க ஐயா.”

மறுநாள் அது நடவடிக்கையானது. ஆனால் அவளை நடனக் கலைஞர் என்று எழுதிக் கொடுக்க முடியாது. கோப்பில் நாற்பத்தாறு மதிப்பெண் உட்கார்ந்திருந்தது. நடன நாளில் அவள் ஆடியதாகச் சொல்லலாமா என்றால், அவள் நடந்ததாகத்தான் பதிவு. கடைசியில் பூயிஸ்வாவே தட்டச்சு செய்தாள். தலையில் மன்றத்தின் சின்னம், அடியில் நான்கு முத்திரை: ‘மன்றத்துக்குச் சொந்தமான சொத்து எண் 14 (பாதசாரி, ஒன்று) கலைப் பரிமாற்றத்துக்காக ஆறு மாத காலம் பெல்ஜியம் நாட்டுக்கு எடுத்துச் செல்லப்பட மன்றம் முழு மனதுடன் அனுமதிக்கிறது. சொத்து அதே நிலையில் திருப்பித் தரப்பட வேண்டும்.’ கீழே, மொகாடியின் முழுப்பெயர், பாஸ்போர்ட் எண்.

“அக்கா, இது செல்லுமா?” என்று மொகாடி கேட்டாள்.

“நாலு முத்திரை வச்சிருக்கேன். மூணுக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க,” என்றாள் பூயிஸ்வா. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து மஞ்சள் தொப்பியை எடுத்து அவள் கையில் திணித்தாள். “கொழந்தைக்குன்னு ஆரம்பிச்சேன். கையில வேல இல்லாம பின்னிப் பின்னி பெருசாயிருச்சு. அங்க குளிருமாம்.”

விசா அலுவலகத்தில் இருந்த இளைஞன் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தான், முத்திரைகளை எண்ணினான், நடுவில் ஒரு சொல்லில் மட்டும் அவன் விரல் நின்றது.

“பாதசாரின்னு போட்டிருக்கே?”

“ஆமா சார்.”

“அப்படின்னா?”

மொகாடி யோசித்தாள். “எங்க ஊர்ல நடக்கிறதுல ஒரு வகை சார்.”

அவன் பட்டியலின் எட்டாவது வரியில் ஒரு டிக் போட்டான்.

ஆகஸ்ட் முதல் தேதி அவள் கென்ட்டில் இருந்தாள். அந்தக் குழுவில் யாரும் அவளிடம் எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. முதல் நாளே, “உனக்குத் தோன்றுவதை ஆடு,” என்றார்கள். அதைத்தான் அவளால் சட்டென்று நம்ப முடியவில்லை. இரண்டு நாள் யாராவது அளவுகோலோடு வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே ஆடினாள். மூன்றாம் நாள் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ஆறு மாதம் முடிந்தபோது அனெகா இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டினாள். அடுத்த புது நடனத்தில் ஒரு பகுதியை மொகாடியே அமைக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. மன்றத்துக்கு நீட்டிப்பு கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை.

ஸ்கும்புஸோவின் பாடு வேறு மாதிரி. சான்றிதழ் பெற்றவர் சான்றளிக்கப்பட்ட தெருவில் மட்டுமே ஆடலாம் என்று புதிய விதி வந்தது. எந்தத் தெருவுக்கும் இன்னும் சான்று தரப்படவில்லை. ஆக, நாட்டில் யார் வேண்டுமானாலும் தெருவில் ஆடலாம், அவன் ஒருவனைத் தவிர. சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கப் போனான். திருப்பி வாங்க நடைமுறை இல்லை என்றார்கள். ஆற்றுப் பாலத்தில் நடக்கும்போது காற்றில் பறந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு சிக்னலுக்குத் திரும்பினான். அன்று காற்றே இல்லை என்று அவனே போனில் சொன்னான். இப்போது புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு ஆடுகிறான். அவள் அவனை விட வேகமாம்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், ஒத்திகை இடைவேளையில், வாசலில் பனியை மிதித்துக்கொண்டு நின்ற மொகாடிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“ஏடி, ஒரு ஆளு வந்தாரு. தணிக்கையாம். உன்ன எண்ணிட்டுப் போகணும்னாரு.”

“என்னையா?”

“நம்பர் சொன்னாரு. பதினாலு. கம்பம் இருக்கு, நாயி இருக்கு, பதினாலு மட்டும் காணலியாம். பெல்ஜியத்துல இருக்குன்னேன். கண்ணால பாக்காம எழுத முடியாதுன்னுட்டாரு. நீ அனுப்பின வீடியோவப் போட்டுக் காட்டினேன். நின்னுக்கிட்டே முழுசும் பாத்தாரு. நாலு மக்வின்யா தின்னாரு. கால் கீழ ஆடிக்கிட்டே இருந்துச்சு, அவருக்கே தெரியல.”

“அப்புறம்?”

“அப்புறம் நோட்ட எடுத்து ஏதோ கணக்குப் போட்டாரு. வருஷத்துக்கு நூத்துக்கு இருவது தேய்மானமாம். அஞ்சு வருஷம் ஆனா உன் மதிப்பு பூஜ்யமாயிருமாம். அப்ப பதிவேட்டுலேர்ந்து அடிச்சுருவாங்களாம். எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம். ‘தம்பி, அஞ்சு வருஷம் கழிச்சு நீங்களே வாங்க, என்ன மதிப்புன்னு அப்ப நான் சொல்றேன்’னேன். தலையாட்டிட்டுப் போயிட்டாரு.”

மொகாடி சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அனெகா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அது போனிலும் கேட்டிருக்க வேண்டும்.

“யாரது, உங்க வேலை எடத்துப் பெரியவங்களா கூப்புடுறாங்க?” என்றாள் மா-மொகாடி. குரல் சட்டென்று தாழ்ந்து, மரியாதையாகிவிட்டது. “வேல நேரத்துல போன்ல பேசிக்கிட்டு நிக்காத. போ, உள்ள போ.”